கிளட்ச் இல்லாத ஆட்டோ

நான் செய்த முதல் ஆட்டோ வானத்துக்குப் போய்விட்டது. திரையில் கறுப்பாக ஒரு பட்டை வரைந்து அதைச் சாலை என்று வைத்துக்கொண்டேன். மேலே மஞ்சளாக ஒரு கட்டம். அதுதான் ஆட்டோ. அது சாலைக்குக் கொஞ்சம் மேலே மிதந்துகொண்டிருந்ததால், கீழே இறக்கலாம் என்று உயரத்துக்கான எண்ணைக் குறைத்தேன். குறைக்கக் குறைக்க அது மேலே ஏறியது. இன்னும் குறைத்தேன். உச்சியைத் தாண்டிப் போய் மறைந்தே விட்டது.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் பொதுவாகவே சீக்கிரம் கோபம் வரும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனேன். அங்கே குடியிருப்பது திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். ஏதோ ஐ.டி. கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள்.

"அக்கா, நாம தாள்ல எழுதும்போது மேலருந்து கீழதான வாரோம்? இதுவும் அப்படித்தான்னு வச்சுக்கிடுங்க. மேல் மூலைதான் பூஜ்ஜியம். கீழ வர வர எண் கூடும்."

பள்ளிக்கூடத்தில் வரைபடத்தாளில் மேலே போனால் கூடும் என்று சொல்லிக்கொடுத்து, தப்பாகப் போட்டால் மார்க்கையும் குறைத்தார்கள். இப்போது எல்லாம் தலைகீழ் என்றால் என்ன நியாயம் என்று கேட்டேன். அவளுக்கு மீட்டிங் இருந்தது. நான் மாடிப்படி ஏறும்போது கோபம் போய் யோசனை வந்துவிட்டது. தலைகீழாக இருப்பதையும் ஒரு முறை சொல்லிவிட்டால் கடைசி வரை அதன்படியே நடக்கிற ஒரு பொருளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இது நடந்தபோது எனக்கு நாற்பத்துநாலு வயது. பூந்தமல்லியில் ஒரு மருந்துக்கடையில் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை பில் போடுகிறேன். வீடு பருத்திப்பட்டில், ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி, முதல் மாடி. என் வீட்டுக்காரர் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே பத்தொன்பது வருடம் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். மூன்று சக்கர வண்டி. எழுத்தில் மரியாதையாக அவர் இவர் என்கிறேன். வீட்டில் நீ, வா, போ தான். அவர் என்னைக் கூப்பிடுவது 'மே'.

ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது அவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரால் எடுக்க முடியவில்லை. வலது கை, வலது கால், வாய் ஒரு பக்கம். ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். நேரத்தோடு கொண்டுவந்தது நல்லது என்றும் சொன்னார்கள். வாய் நேரானது. கால் ஒரு மாதத்தில் நடக்கத் தொடங்கியது. தோளும் முழங்கையும் மெல்ல வந்தன. விரல்கள் மட்டும் வரவில்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வந்த பிசியோதெரபி அம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். "இந்தச் சில மாசம்தான் முக்கியம். விரலை வேலை வாங்கிக்கிட்டே இருக்கணும். விட்டுட்டா இப்படியே நின்னுடும். அப்புறம் வண்டி ஓட்டுறதை மறந்துட வேண்டியதுதான்." மஞ்சள் ஸ்பாஞ்ச் பந்து ஒன்றைக் கொடுத்தார். ஒரு நாளைக்கு நூறு தடவை அமுக்க வேண்டும். ஒவ்வொரு விரலாகத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும்.

"இத்த அமுக்கினா இன்னா ஆவப்போது?" என்று கேட்டார் அவர். பந்து தலையணைக்கு அடியில் போனது. நான் எடுத்துக் கொடுத்தேன். பீரோவுக்குப் பின்னால் போனது. துடைப்பத்தால் தள்ளி எடுத்தேன். ஒரு நாள் அது தெருவில் கிடந்தது. அன்றைக்கு நான் போட்ட சத்தம் ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும்.

பயம் எனக்கு. அவர் வண்டி ஓட்டுவது போனால் அவரிடம் வேறு என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. சினிமா பார்க்க மாட்டார், சீட்டு ஆட மாட்டார், ஒரு பழக்கம் கிடையாது. வண்டி கீழே தார்ப்பாய் போட்டு நின்றுகொண்டிருந்தது. அவர் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாலையில் போகிற மற்ற ஷேர் ஆட்டோக்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"பாரு மே. ரெண்டு பேர வச்சிகினு எட்துகினு போறான். காலி வண்டி எடுக்கறவன்லாம் ஒரு ட்ரைவரா?"

ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். வண்டி நிறையாமல் எடுக்கக்கூடாது. புறப்படுகிற இடமான குமணன்சாவடியில் எஞ்சினை உறும விட்டுக்கொண்டு, ஒரு அடி முன்னால் நகர்த்தி, இதோ கிளம்புகிறேன் என்று பாவனை காட்டி, மறுபடி பின்னால் வந்து நிற்பார்கள். உள்ளே இருக்கிறவர்கள் கத்துவார்கள். கடைசி ஆள் ஏறும் வரை வண்டி போகாது. பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் காலி வண்டி எடுத்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். எனக்குப் பிரசவ வலி வந்த அன்றைக்குக்கூட வழியில் நாலு பேரை ஏற்றினார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

பந்தை அமுக்க மாட்டார், ஆட்டோ என்றால் அமுக்குவார். அப்படித்தான் யோசனை வந்தது. போனில் தேடினேன். இருந்த விளையாட்டுகளில் எல்லாம் வெளிநாட்டுக் கார்கள், வெளிநாட்டுச் சாலைகள், அதுவும் இடது கட்டை விரலால் ஓட்டுகிற மாதிரி. கீழ்வீட்டுப் பெண்ணிடம் புலம்பினேன். "நீங்களே ஒண்ணு செய்யலாமேக்கா" என்றாள். என்னை ஓட்டுகிறாள் என்று நினைத்தேன். அவள் நிஜமாகத்தான் சொன்னாள். ப்ளஸ் டூ படிக்கும்போது என் மகளுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் பரணில் இருந்தது. மகள் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டாள். அதைத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கீழ்வீட்டுப் பெண் அதில் எதையோ ஏற்றி, கோட் எழுதத் தமிழில் சொல்லித்தருகிற வீடியோக்களையும் காட்டினாள்.

முதல் பாடம் வேரியபிள். பெயர் ஒட்டிய டப்பா என்றார் வீடியோவில் பேசியவர். டப்பா மேல் 'சர்க்கரை' என்று எழுதியிருக்கும், உள்ளே இருப்பது குறையும், கூடும், பெயர் மாறாது. சரி, இது என் சமையலறை. இரண்டாவது பாடம் 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்'. அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருடமாகக் கடையில் பில் போடுகிறேன். ஒரு மாத்திரை தீர்ந்துபோனால் கம்ப்யூட்டர் பில் போட விடாது, சிவப்பாக ஒரு வரி காட்டும். அதற்கு எப்படித் தெரிகிறது என்று ஒரு நாளாவது நான் யோசித்திருக்கிறேனா? யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து, இருப்பு பூஜ்ஜியம் என்றால் சிவப்பு வரியைக் காட்டு என்று எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவுதான். மறுநாள் கடையில் ஒவ்வொரு பட்டனையும் அமுக்கிவிட்டு, இதற்குப் பின்னால் என்ன எழுதியிருப்பார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். "இன்னா மேடம், கம்ப்யூட்டர மொறச்சிகினே கீறீங்க?" என்று முதலாளி கேட்டார். வரிசையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் அந்தக் கண்தான். மாவு அரைக்கும் கிரைண்டர் ஒரு லூப், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வது. தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் நிற்கிற மோட்டார் ஒரு 'இருந்தால்'. இத்தனை நாள் இதெல்லாம் தானாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரத்தில் ஒரு விளையாட்டு மாதிரி வந்தது. மஞ்சள் கட்டத்துக்குக் கீழே மூன்று வட்டம், சக்கரம். வலது அம்புக்குறி விசையை ஒரு தடவை தட்டினால் வண்டி கொஞ்சம் நகரும். திரும்பத் திரும்பத் தட்டினால்தான் ஓடும். வலது விரலுக்கு வேலை. எஞ்சின் சத்தம் என் வாயால் போனில் பதிவு செய்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அப்புறம் உற்றுப் பார்த்தார். "கிளட்ச் எங்க?"

"கிளட்ச்லாம் இல்லய்யா. அமுக்கினா போவும்."

"கிளட்ச் இல்லாம எப்டி நவுரும்?"

"இது கம்ப்யூட்டர் வண்டி. நவுரும்."

"கிளட்ச் இல்லாத வண்டி ஒரு வண்டியா?" என்றார். நான் பேச்சை மாற்றினேன். உண்மையில் கிளட்ச் என்றால் இடது கை ஒன்றைப் பிடித்து விடும்போதே வலது கை இன்னொன்றைத் தட்ட வேண்டும். இரண்டு விசையை ஒன்றாகக் கவனிக்க எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்று அவரிடம் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

வண்டி ஓடினால் போதாது, ஆள் ஏற வேண்டும். குமணன்சாவடி, கரையான்சாவடி, சென்னீர்குப்பம், பருத்திப்பட்டு, ஆவடி என்று ஐந்து நிறுத்தம் வைத்தேன். வண்டி கொள்ளுமளவு என்று ஒரு டப்பா, அதில் எட்டு என்று போட்டேன்.

"எட்டுன்னு எவன் சொன்னான்?" என்றார். "காலைல பத்து. மழ வந்தா பதினொண்ணு. ஓரமா போலீஸ் நின்னா ஆறு."

எட்டு என்று எழுதிப் பூட்டிவிட்டிருந்தேன். அதை மாறுகிற எண்ணாக்கி, காலையா, மழையா, போலீசா என்று மூன்று 'இருந்தால்' சேர்த்தேன். பாடத்தில் வந்த எந்த உதாரணத்தையும் விட இது எனக்குச் சட்டென்று புரிந்தது.

அடுத்துத்தான் வண்டி செத்தது. குமணன்சாவடியில் நிறையும் வரை நின்று, பிறகு கிளம்ப வேண்டும். எழுதி, ஓட விட்டேன். வண்டி நின்றது. ஆள் வரவில்லை. விசையைத் தட்டினால் எதுவும் இல்லை. திரை வெளுத்துப்போய் உறைந்தது. அணைத்துப் போட்டேன், மறுபடி அப்படியே. இரண்டு நாள். கீழ்வீட்டுப் பெண் ஊருக்குப் போயிருந்தாள். எனக்கு லேப்டாப்பை ஏரியில் வீசலாம் போல இருந்தது.

பால்கனியிலிருந்து அவர் கேட்டார். "இன்னாதான் எய்தி வச்சிகீற? படி, கேப்போம்."

படித்தேன். "வண்டி நிறையாத வரைக்கும் காத்திரு. அதுக்கு அப்புறம் நிறுத்தத்துல ஆள வரவை. அப்புறம் ஏத்து. அப்புறம் கிளம்பு."

சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "ரொம்புற வரைக்கும் நில்லுன்ற. அப்பால ஆள கூப்புடுன்ற. கூப்டாதானே ரொம்பும்? ரொம்பினாதானே அப்பாலைக்குப் போவும்? ட்ரைவர வாய மூடிகினு குந்துன்னுட்டு, ஆளு வர்லன்னா எப்டி வருவான்? நின்னுகினே கூப்டணும் மே. நின்னு முடிச்சு இல்ல."

ஆள் வரவைக்கிற வரி லூப்புக்கு வெளியே இருந்தது. உள்ளே இருக்க வேண்டும். ஒரு வரியை நகர்த்தினேன். திரையில் சின்னச் சின்ன நீலக் கட்டங்கள் வந்து ஏறின. ஒன்று, இரண்டு, மூன்று. எட்டாவது ஏறியதும் என் வாய் எஞ்சின் உறுமியது. அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். அவராகவே வலது கையை இடது கையால் தூக்கி விசைமேல் வைத்தார்.

அன்றைக்குக் குமணன்சாவடியிலிருந்து ஆவடி போய்ச் சேர அரைமணி நேரமானது. விரல் எழும்பாது. தோளே எழும்பி, கையே விழுந்து தட்டும். வியர்த்துவிட்டது அவருக்கு. ஆனால் விடவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அந்த அரைமணி நேரம் போல ஒரு சந்தோஷம் எனக்குச் சமீபத்தில் வந்ததில்லை.

ஒரு வாரத்தில் மூன்று ட்ரிப். அடுத்த வாரம் ஒன்பது. பிறகு இருபது. நான் சமைத்துவிட்டு வந்து பார்த்தால் திரையில் எண் ஏறியிருக்கும். கடையில் எல்லோரிடமும் சொன்னேன். மகளிடம் போனில் சொன்னேன். பிசியோதெரபி அம்மாவிடம் சொல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா வந்தார். தன் இரண்டு விரலை வீட்டுக்காரர் வலது கைக்குள் வைத்து, அமுக்கச் சொன்னார். ஒவ்வொரு விரலாகத் தூக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "பெருசா ஒண்ணும் மாறலையேம்மா" என்றார்.

"இருபத்தஞ்சு ட்ரிப் அடிக்கிறாரு டாக்டர்."

"ஸ்கோர் ஏறுதுன்னா விரலும் ஏறணும். தெரியலயே."

எனக்குச் சுருக்கென்றது. விரல் முன்னேறுகிறது, இந்த அம்மாவுக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். நிரூபித்துக் காட்டுகிறேன் என்று ஒரு வீம்பு. அந்த வாரப் பாடம் பட்டியல். ஒரு டப்பாவுக்குப் பதில், வரிசையாக எத்தனை வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம். வீடியோவில் பூக்களின் பெயரைப் போட்டுக் காட்டினார். நான் விசை தட்டப்பட்ட நேரத்தைப் போட்டேன். ஒவ்வொரு தட்டுக்கும் எத்தனை மணி, நிமிடம், விநாடி என்று அது எழுதிக்கொண்டே போகும். ஒரு வாரம் கழித்து அதை அந்த அம்மா முகத்துக்கு நேரே நீட்டுவது என்று திட்டம்.

நாலாவது நாள் பட்டியலைத் திறந்தேன். ஐந்து மணியிலிருந்து ஐந்தரை வரை, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரம். இரண்டு தட்டுக்கு நடுவே ஐந்து விநாடி, ஆறு விநாடி, சில இடத்தில் பத்து. ஐந்தே முக்காலுக்கு நான் சமையலறைக்குப் போயிருப்பேன். அதிலிருந்து அரை விநாடி, அரை விநாடி, அரை விநாடி. மழை மாதிரி ஒரே சீராக.

என் கோட்தான் தப்பு என்று முடிவு செய்தேன். கற்றுக்கொள்கிறவளுக்கு முதலில் அப்படித்தானே தோன்றும். ஒரு தட்டின் நேரத்திலிருந்து முந்தையதைக் கழிக்கும் வரியைச் சரிபார்த்தேன். பட்டியலை அழித்துவிட்டு மறுபடி ஓட விட்டேன். நானே தட்டிப் பார்த்தேன், சரியாக எழுதியது. இரண்டு நாள் தப்பைத் தேடினேன். மூன்றாவது நாள் கடையிலிருந்து வரும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், தப்பு நான் எழுதியதில் இல்லை என்று புரிந்தது. தட்டினார்களா என்று மட்டும்தான் நான் அதனிடம் கேட்டிருந்தேன். எந்தக் கை என்று கேட்கவில்லை. கேட்கவும் வழியில்லை. விசைக்குத் தட்டப்பட்டது தெரியும், கை தெரியாது.

பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் உட்கார இடம் வாங்கிக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுவது என்றுதான் போனேன். அவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். பட்டியலைத் திறந்து காட்டினேன். "இது நான் இருந்தப்போ. இது நான் உள்ள போனப்போ." அவர் எண்களைப் பார்த்தார். இடது கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ பக்கத்துல குந்தினா வண்டி நவுரவே மாட்டேங்குது மே. நீ மூச்ச புட்ச்சிகினு பாக்கற. எனக்குப் பாக்க முடில. ஒரு நாளு உள்ள போனியா, இந்தக் கையால ரெண்டு ட்ரிப்பு அட்ச்சேன். நீ வந்து பாத்துட்டு எப்டி சிரிச்ச தெரியுமா? அப்பால எப்டி நிறுத்தறது?"

எனக்குச் சண்டை வரவில்லை. என் மேல்தான் ஆத்திரம் வந்தது. அவர் முதல் நாளே கேட்டார், கிளட்ச் எங்கே என்று. இடது கையை ஒரு வேலையில் கட்டிப் போட்டிருந்தால் வலது கை தப்பித்திருக்க முடியாது. தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்ளாமல், கம்ப்யூட்டர் வண்டி என்று சமாளித்தேன். முக்கியமான மாதங்களில் ஒன்று அதில் போயிற்று.

அடுத்த பத்து நாள் நான் வேறெதுவும் செய்யவில்லை. கீழ்வீட்டுப் பெண்ணிடம் போய், தெரியவில்லை, சொல்லிக்கொடு என்று உட்கார்ந்தேன். ஒரு விசை கீழே அமுங்கிய கணம் ஒன்று, அமுங்கியபடியே இருப்பது ஒன்று, விடுபட்ட கணம் ஒன்று. மூன்றும் மூன்று விஷயம். இத்தனை நாள் தட்டுவது என்றால் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். கிளட்சைப் பிடித்திருக்க வேண்டும், ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டும், கொடுத்தபடியே கிளட்சை மெல்ல விட வேண்டும். சீக்கிரம் விட்டால் வண்டி குலுங்கி ஆஃப் ஆகிவிடும். இதையெல்லாம் அவரிடமே கேட்டுக் கேட்டு எழுதினேன். ஆஃப் ஆகிற சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "டுக்குனு நிக்கும்" என்றார். குக்கர் மூடியை மேடையில் தட்டிப் பதிவு செய்தேன்.

எந்த விசை என்பதுதான் பாக்கி. கிளட்சுக்கு இடது ஓரத்தில் கடைசி விசை, ஆக்சிலேட்டருக்கு வலது அம்புக்குறி. இடது கை ஒன்றே இரண்டையும் எட்டிவிடக் கூடாது. என் சாணுக்கு எட்டவில்லை. அவர் கை என் கையை விடப் பெரியது. மதியம் அவர் தூங்கும்போது லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்து, அவருடைய இடது கையை மெல்ல விரித்து அளந்தேன். நாலு விரற்கடை குறைந்தது. தூங்குகிறவர் கையைத் திருட்டுத்தனமாக அளந்ததற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவர் தூங்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். "கிளட்ச் வச்சிட்டேன்."

அவர் இரண்டு ஓரத்தையும் பார்த்தார். இடது கையைக் கிளட்ச் மேல் வைத்தார். வலது கையைத் தூக்கித் தர இப்போது இடது கை இல்லை. வலது கை தானாகத் தொடையிலிருந்து எழும்பி, மேஜை விளிம்பில் இடித்து, மெல்ல ஊர்ந்து அம்புக்குறிக்கு வந்தது. பிறகு திரையைப் பார்த்தார்.

"ஆளு எங்க?"

"ஆள் ஏத்துற பாகத்த எடுத்துட்டேன். கிளட்சோட சேத்தா கொழப்பிடுது. இப்போதைக்குக் காலி வண்டிதான்."

"காலி வண்டிய எடுக்கச் சொல்ற."

அவர் அம்புக்குறியை அமுக்க முயன்றார். விரல் வருவதற்குள் கிளட்ச் விட்டுப்போயிற்று. டுக். மறுபடி. டுக். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

"நீ உள்ள போ மே. போய் டீ போடு."

கிளட்ச் இல்லாவிட்டால் போயிருக்க மாட்டேன். இப்போது போகலாம். சமையலறையில் பாலை வைத்துவிட்டு நின்றேன். டுக் என்றது. கொஞ்சம் கழித்து டுக் என்றது. ஒவ்வொன்றும் அவருடைய வலது கையின் முயற்சி. ஒரு தடவை ரொம்ப நேரம் சத்தமே இல்லை, எட்டிப் பார்க்கப் போன காலை இழுத்துக்கொண்டேன். அப்புறம் டுக். குக்கர் மூடிச் சத்தம் கேட்டு நான் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை.

டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போது என் வாய் எஞ்சின் கேட்டது. டுர்ரென்று ஆரம்பித்து இரண்டு விநாடி இருக்கும். பிறகு டுக். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். மறுபடி டுர்ர் என்றது. இந்தத் தடவை நிற்கவில்லை.

கூடத்திலிருந்து குரல் வந்தது.

"வண்டி நவுருது மே. ஆள போடு."